பெயர் மாறி வந்த லில்லிகள்

நீல லில்லி என்று நான் விதைத்தது முளைத்து மூன்றாவது கிழமை. பக்கத்து வளவு மாமி குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார், மணந்து பார்த்தார், “மனே, இது வெங்காயம்” என்றார்.

நானும் கிள்ளி மணந்தேன். வெங்காயம்தான். இலை உள்ளே குழாயாக இருந்தது. மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்குக் கிட்டவாக, நாலு பரப்பு மணல் வளவில் வெளிநாட்டு லில்லி வளர்க்கப் புறப்பட்டவனின் முதல் அறுவடை அது.

சல்லி பெரிதாகப் போகவில்லை. வெட்கம்தான் பெரிது. ஏனென்றால் கொஞ்சம் படித்திருந்தால் இரண்டு இடத்தில் பிடிபட்டிருக்கும். ஒன்று, லீலியம் என்பதுதான் உண்மையான லில்லிகளின் விஞ்ஞானப் பெயர், அந்த இனங்களில் உண்மையான நீலப் பூ எதுவும் இல்லை. விற்பனைப் படத்தில் இருந்தது கணினியில் பூசிய நீலம். இரண்டு, விதையே சொல்லியிருக்கும். எனக்கு வந்தவை கருத்த, மூலை மூலையாக நொறுங்கிய கரித்துண்டு மாதிரி இருந்தன. லீலியம் விதை அப்படி இராது. தட்டையாக, மண்ணிறமாக, வெங்காயத் தோல் அளவு மெல்லியதாக இருக்கும். கைபேசி டோர்ச்சைப் பின்னால் பிடித்தால், நல்ல விதையின் நடுவே ஒரு கோடு தெரியும். அதுதான் முளையம். கோடு தெரியாவிட்டால் சப்பி. இந்த டோர்ச் வேலையை இப்போது ஒவ்வொரு விதைக்கும் செய்கிறேன். ஒரு வெள்ளைத் தாளும் பத்து நிமிடப் பொறுமையும் போதும்.

அந்தப் பொதி சாதாரணக் கடித உறையில், வெளியே ‘அலங்காரப் பொருள்’ என்று எழுதி வந்திருந்தது. அதுவும் பிழை என்று அப்புறம்தான் அறிந்தேன். இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, விதையோ கிழங்கோ வெளியிலிருந்து எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் கூட வரவேண்டும். வெங்காய நாற்றுகளை மண்ணோடு கிளறி எடுத்து எரித்துவிட்டு, அடுத்த முறை ஒழுங்காக விண்ணப்பம் போட்டேன்.

ஒழுங்கான வழியிலும் ஒரு முடிச்சு உண்டு. விண்ணப்பத்தில் தாவரத்தின் விஞ்ஞானப் பெயரை எழுதவேண்டும். அந்தப் பெயரை எனக்குத் தந்தவர் விற்பனையாளர். அவர் பிழையாகச் சொன்னால் என் அனுமதிப் பத்திரமும் பிழை, சான்றிதழும் பிழை. எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருப்பதால் பார்ப்பவருக்கு எல்லாம் சரி. ஆகவே வாங்க முதல் விற்பவரிடம் குமிழின் படம், இலையின் படம், காயின் படம் மூன்றும் கேட்கிறேன். பூவின் படம் கேட்பதில்லை. பூப்படம் இணையத்தில் யாரும் எடுக்கலாம்.

2023 ஒக்டோபரில் மூன்று பொதிகள் வந்து சேர்ந்தன. ‘லீலியம் ரெகாலே’ ஐந்து குமிழ், ‘லீலியம் ஹென்றியை’ நாலு குமிழ், ‘லீலியம் நீல்கெரென்ஸே’ என்று ஐம்பது விதை. முதல் இரண்டும் ஒரே ஆளிடம் வாங்கியவை, ‘காட்டு வகை’ என்ற விளம்பரத்தோடு. மூன்றாவது வேறொரு நாட்டில் வேறொரு ஆள். மூன்றுக்கும் 1, 2, 3 என்று இலக்கம் மட்டும் போட்டேன். வெங்காயத்துக்குப் பிறகு விற்பவர் சொன்ன பெயரைச் சாடியில் எழுதுவதில்லை.

ரெகாலே மீது எனக்கு ஆசை வந்ததற்கு ஒரு கதை உண்டு. சீனாவின் சிச்சுவானில், மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் இயற்கையாக வளரும் பூ அது. ஏர்னஸ்ட் வில்சன் என்ற ஆங்கிலேயர் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர். 1910இல் அந்தக் குமிழ்களுக்காக மறுபடி போனபோது மலை சரிந்து கல் விழுந்து கால் முறிந்தது. பிறகு வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் நொண்டித்தான் நடந்தார். அப்படிக் கால் கொடுத்து எடுத்த பூ என் வளவில் நிற்கவேண்டும் என்பது கொஞ்சம் பைத்தியம்தான்.

குமிழ்களைத் தாளில் பரப்பினேன். லீலியம் குமிழுக்கு வெங்காயம் போல வெளித்தோல் கிடையாது. உள்ளிப் பல்லை நெருக்கி அடுக்கினாற்போல, சதைப்பற்றான செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று. தோல் மூடிய குமிழ் வந்தால் அது லீலியம் இல்லை. அநேகமாக ஹிப்பியாஸ்ட்ரம், கிரைனம், மழை லில்லி போன்ற வேறு குடும்பத்து ஆளாக இருக்கும். வழக்கில் எல்லாவற்றையும் லில்லி என்கிறோம். தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் அல்லி என்றே மாற்றிவிடுகிறார்கள். குளத்து அல்லிக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை.

எனக்கு வந்த ஒன்பதும் செதில் குமிழ்கள். அதுவரை சரி. ஆனால் 2ஆம் இலக்கம் நாலும் வெள்ளை வெளேர் என்றிருந்தன. ஹென்றியையின் குமிழ் கருஞ்சிவப்புப் பாயும். முதல் சந்தேகத்தை அன்றே கொப்பியில் எழுதினேன்.

1ஆம் இலக்கத்தில் வேறு விதமான உறுத்தல். நாற்றுமேடைக் குமிழ் உருண்டையாக இருக்கும். இவை கல்லிடுக்கில் கிடந்ததுபோல ஒரு பக்கம் சப்பை. செதில்களில் மண்வெட்டி பட்ட பழைய காயம் ஆறிய தழும்பு. யாரோ மலையில் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. ‘காட்டு வகை’ என்றால் காட்டில் விளைந்த விதையிலிருந்து வளர்த்தது என்று நான் நினைத்திருந்தேன். தோண்டியது என்று நினைக்கவில்லை. அதன் பிறகு குமிழ் வாங்குவதை விட்டுவிட்டேன். விதை மட்டும்தான்.

இனிக் குளிர். இந்த இனங்கள் பனிக்காலம் காணும் நாட்டில் பிறந்தவை. குளிரில் உறங்கி எழாவிட்டால் தண்டு விட்டுப் பூக்காது. மட்டக்களப்பில் மார்கழி இரவில் போர்வை போர்த்திக்கொண்டு ‘என்ன குளிர்’ என்போம். லில்லிக்கு அது கோடைகாலம். வழி பிரிஜ்தான். தேங்காய்த் தும்புத்தூளைக் கழுவி, நனைத்து, கையால் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத ஈரத்துக்குக் கொண்டுவந்து, துளையிட்ட பொலித்தீன் பையில் குமிழ்களைப் புதைத்து, மரக்கறித் தட்டில் எட்டுக் கிழமை வைத்தேன். வெப்பமானி 4, 5 பாகை காட்டியது. பழுத்த வாழைப்பழமோ மாம்பழமோ அதே தட்டில் இருக்கக்கூடாது. பழம் விடும் எதிலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

“இஞ்ச பாருங்க, மீன் வைக்க இடமில்ல. உங்கட கிழங்குக்குக் குளிரோ?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அந்த எட்டுக் கிழமையும் எங்கள் வீட்டில் அன்றன்றைய மீன் அன்றன்றே கறியானது.

டிசெம்பர் நடுவில் நட்டேன். மாரி கொட்டும் நேரம். லில்லிக்கு இங்கே வெயிலைவிட நீர் தேங்குவதுதான் எமன் என்று களுதாவளையில் வெற்றிலை செய்யும் மாமா முதலே சொல்லியிருந்தார். அவருக்கு லில்லி தெரியாது, வெற்றிலை தெரியும். “வெத்திலைக்கு எப்படியோ இதுக்கும் அப்படித்தான். காலுல தண்ணி நிக்கப்படாது, தலையில வெயில் ஏறப்படாது.” அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே கலவை செய்தேன். ஆற்றுமணல், உடைத்த செங்கல், கருக்கிய உமி, மக்கிய மாட்டெரு. கடல்மணல் சேர்க்கவில்லை, உப்பு. எங்கள் கிணறும் கச்சான் காற்று வீசும் காலத்தில் சவர்க்கும். அதனால் கூரைப் பீலியில் வடியும் மழைத் தண்ணீரை டாங்கியில் பிடித்து வைத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் விட்ட ஒரு சாடியில் பத்தே நாளில் இலை நுனி கருகியது.

முதலில் தயிர்ச்சட்டிகளில் நடத்தான் பார்த்தேன். வீட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, அடியில் துளையிட்டால் அருமையான சாடி. ஆனால் லீலியத்தில் பல இனங்கள் குமிழுக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் வேர் விடும். அதற்குக் குமிழின்மேல் ஒரு சாண் மண்ணாவது வேண்டும், சட்டி ஆழம் காணாது. ஆகவே குமிழ்களுக்குப் பெயின்ற் வாளி, விதைக்குத் தயிர்ச்சட்டி. எல்லாவற்றையும் தாழ்வாரத்தில், மழை நேரே விழாத இடத்தில் வைத்தேன்.

அப்படியும் 2ஆம் இலக்கத்தில் ஒன்று அழுகியது. முளை வரவில்லையே என்று விரலால் மண்ணைக் கிளறினால், அடித்தட்டு பழுப்பாகி, அழுகிய உருளைக்கிழங்கு மணம். முழுவதையும் எறியவில்லை. வெளிச் செதில்களில் நல்லதாய் இருந்த பதினொன்றை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்து ஒடித்தேன். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விடும். பங்கசுநாசினித் தண்ணீரில் முக்கி, உலர்த்தி, ஈரத் தும்புத்தூளோடு பையில் போட்டு அலுமாரி மேல் வைத்தேன். இதற்குக் குளிர் வேண்டாம். நம் ஊர் அறைச் சூடே போதும். இந்த ஓர் இடத்தில்தான் மட்டக்களப்பு வெப்பம் எனக்கு உதவியது. ஏழாவது கிழமை பார்த்தால், செதில்களின் ஒடிந்த விளிம்பில் பச்சரிசி அளவில் குஞ்சுக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வேர். பதினொன்றில் எட்டுச் செதில் ஈன்றிருந்தது.

மற்ற எட்டுக் குமிழ்களும் ஜனவரியில் முளைவிட்டன. பெயர் பிடிபடத் தொடங்கியது பெப்ரவரியில்.

2ஆம் இலக்கத்தின் தண்டு கருஊதா. அதில் சிலந்திவலை போல வெள்ளை மயிர். ஒரு காலை இலைக்கக்கத்தில் கருப்பாக ஏதோ மினுங்கியது. பூச்சி முட்டை என்று நினைத்து நகத்தால் தட்டப் போனேன். முட்டை இல்லை, குமிழ்மணி, தண்டிலேயே விளையும் குட்டிக் குமிழ். குன்றிமணி அளவு, மிளகு நிறம், எண்ணெய் தடவினது போல மினுக்கம். ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒன்று. ஹென்றியையில் குமிழ்மணி வராது. அதன் மேல் இலைகள் பூவுக்குக் கிட்ட வரவரச் சிறுத்து முட்டை வடிவாகும். இதில் அதுவும் இல்லை. வெள்ளைக் குமிழ், கருந்தண்டு, கரு மணி, மூன்றும் சேர்ந்தால் லீலியம் லான்சிபோலியம்தான், உலகமெல்லாம் மலிவாகக் கிடைக்கும் புலி லில்லி. இரண்டும் செம்மஞ்சள் பூ, இரண்டும் இதழைப் பின்னால் சுருட்டும். படத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறலாம்.

மார்ச் கடைசியில் இரண்டு செடி பூத்தது. முழங்கால் உயரம், தலா ஒரு பூ. மாமி வந்து பார்த்தார்.

“கார்த்திகைப் பூவெல்லோ மனே இது?”

“இல்ல மாமி, லில்லி.”

“கார்த்திகைப் பூ வேலியில சும்மா கிடக்கு. இதுக்குச் சல்லி குடுத்தியா?”

அவர் சொன்னதில் பாதி சரி. சுருண்ட இதழும் தொங்கும் கேசரமும் சட்டென்று பார்க்க அப்படித்தான். ஆனால் கார்த்திகைப் பூவின் இலை நுனி பற்றுக்கம்பியாக நீண்டு வேலியைப் பிடிக்கும். சூலகத் தம்பம் அடியிலேயே செங்கோணமாக மடிந்து ஒரு பக்கம் நீட்டி நிற்கும். மண்ணுக்குள் செதில் குமிழ் இராது, கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கிழங்கு. குடும்பமே வேறு, கொல்சிக்கேசியே. வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் அதையும் ‘ஏறு லில்லி’ என்று விற்கிறார்கள், நம் வேலியில் கிடக்கும் அதே பூவை.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. சீனாவிலும் யப்பானிலும் புலி லில்லி உட்படச் சில லீலியக் குமிழ்களைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு என் மச்சான், “அவிச்சுப் பார்ப்பமா?” என்றான். பெயரே நிச்சயமில்லாத கிழங்கை வாயில் வைக்கவேண்டாம் என்றேன். கார்த்திகைக் கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதைத் தின்று நம் நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பூனை வளர்க்கிறவர்களும் கவனிக்கவேண்டும். லீலியம் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மேலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். எங்கள் வீட்டுப் பூனை தாழ்வாரத்தில்தான் படுக்கும். பூ விரிந்த அன்றே கேசரங்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டேன். அந்த மண்ணிறத் தூள் சட்டையில் பட்டால் தண்ணீர் போட்டுத் தேய்க்கக்கூடாது. ஒட்டுநாடாவை வைத்து ஒற்றி எடுக்கவேண்டும். ஒரு வெள்ளைச் சட்டை போன பிறகு கற்றது.

1ஆம் இலக்கம் பூக்கவே இல்லை. ஐந்தும் முழ உயரம் வந்து நின்றுவிட்டன. ஆனாலும் ரெகாலே அல்ல என்பது ஏப்ரலிலேயே தெளிவு. ரெகாலேயின் இலை ஒடுக்கமாக, புல் போல, தண்டு முழுக்க நெருக்கி வரும். இவற்றின் இலை விரல் அகலம். மேல் கக்கங்களில் பச்சையும் மண்ணிறமுமாகக் குமிழ்மணி வேறு. ரெகாலேயில் குமிழ்மணி இல்லை. அதே மலைப்பக்கத்துச் சொந்தக்காரர்களில் மணி வைக்கும் வெள்ளை எக்காளப் பூக்கள் என்றால் சார்ஜென்டியே, சல்பூரியம் இரண்டையும் சொல்லலாம். சல்பூரியத்தின் இலை ஒடுக்கம், பூவின் தொண்டை நல்ல மஞ்சள். என்னிடம் இருப்பது அகல இலை, ஆகவே சார்ஜென்டியே பக்கம் சாய்கிறேன். கொப்பியில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். பூ வந்தால் பேனா.

விற்பவருக்குப் படங்களோடு எழுதினேன். ‘பூத்த பிறகு பாருங்கள், அழகாக இருக்கும்’ என்று பதில் வந்தது. அழகைப் பற்றி நான் கேட்கவில்லை.

3ஆம் இலக்கம்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. நீல்கெரென்ஸே நீலகிரி, பழனி மலைகளின் லில்லி. லீலியத்தில் இவ்வளவு தெற்கே இறங்கி வந்தது அருமை. நம் சூட்டுக்குக் கொஞ்சம் கிட்டவாக இருக்கும் என்றுதான் வாங்கினேன். டோர்ச்சில் ஐம்பதில் நாற்பத்தொன்று கோடு காட்டியது. தயிர்ச்சட்டியில் தூவி, மேலே மெல்லிய மணல். இருபத்துநாலாம் நாள் கொண்டை ஊசி மாதிரி மடிந்த பச்சை நூல்கள் மண்ணைத் தள்ளி எழும்பின. எண்ணி முடிக்க முப்பத்தாறு.

மேயில் கச்சான் காற்று தொடங்கியதும் கல்லடியில் எதுவும் தப்பாது என்று தெரிந்தது. அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். சட்டிகளை மச்சானின் ஓட்டோவில் ஏற்றிக் களுதாவளைக்குக் கொண்டுபோய் மாமாவின் வெற்றிலைத் தோட்டத்துக்குள் வைத்தேன். சுற்றிக் கிடுகு வேலி, மேலே கொடியின் நிழல், காலை மாலை தண்ணீர். வெற்றிலைக்குத் தண்ணீர் விடும்போது சட்டிக்கும் ஒரு கை. மாமா அதைப் பார்த்துக்கொண்டார். முப்பத்தாறில் பத்தொன்பது பிழைத்தது.

ஒக்டோபர் முதல் கிழமை மாமா அழைத்தார். “உன்ர புல்லு மொட்டு விட்டிருக்கு.”

விதைத்துப் பத்து மாதத்தில் மொட்டு. அந்த அவசரமே முதல் துப்பு. இரண்டரை அடித் தண்டு, அதில் ஒடுக்கமான இலைகள் ஏராளம். எல்லாம் போட்ட இடத்திலேயே நேராக எழும்பியிருந்தன. நீல்கெரென்ஸேயின் தண்டு மண்ணுக்குள் கொஞ்ச தூரம் கிடையாக ஊர்ந்து, நட்ட இடத்துக்குத் தள்ளித்தான் தலை காட்டும். இலையும் அகலம். மொட்டின் புறத்தில் ஒவ்வொரு இதழின் முதுகிலும் ஊதாச் சிவப்புக் கோடு, சாறிக் கரை மாதிரி. லீலியம் போர்மோசானம், தைவான் லில்லி. அங்கே கடற்கரை மட்டத்திலிருந்து மூவாயிரம் மீற்றருக்கு மேல்வரை வளர்வது, அதனால்தான் நம் வெக்கையையும் பொறுத்தது. பிழையான பெயரோடு வந்திருந்தாலும் எனக்கு உதவிய ஒரே லில்லி இதுதான்.

பூ பின்னேரம்தான் விரியத் தொடங்கியது. நுனி வாயைச் சற்றே திறந்து நின்று, நாங்கள் தேத்தண்ணீர் குடித்து வருவதற்குள் ஆறு இதழும் பின்னால் வளைந்துவிட்டன. இருட்டியதும் மணம் வெற்றிலைக் கொடிகளுக்கு மேலால் வேலி கடந்து போனது. மாமா அன்று பம்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.

ஆனால் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பூ இது. ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை, காற்றில் பறக்கும். தென்னாபிரிக்காவில் அது தோட்டம் தாண்டிப் பரவிக் களைப் பட்டியலில் ஏறியிருக்கிறது. களுதாவளை வெற்றிலைத் தோட்டங்களுக்குள் நான் ஒரு களையைக் கொண்டுவந்தேன் என்ற பெயர் வேண்டாம். மூன்று காயை மட்டும் விட்டு, அவற்றுக்கும் மெல்லிய துணிப்பை கட்டினேன். மற்றவற்றைப் பூ வாடியதும் கிள்ளிவிட்டேன்.

இதற்கிடையில் என் பங்குக்கு நானும் ஒரு கூத்து அடித்தேன். 1இன் மணிகளையும் 2இன் மணிகளையும் ஆறு சட்டிகளில் தனித்தனியே நட்டு, தயிர்க் கோப்பையை வெட்டிய பிளாஸ்ரிக் துண்டில் மார்க்கர் பேனாவால் இலக்கம் எழுதியிருந்தேன். ஓகஸ்ட் வெயிலில் மை முழுக்க வெளுத்துவிட்டது. ஆடு ஒன்று வந்து சட்டிகளை இடம் மாற்றியும் விட்டது. ஆறில் நாலுக்கு இலக்கம் இல்லை. ஒற்றை இலையோடு நிற்கும் பிஞ்சுகள் எல்லாம் ஒரே முகம். விற்பவரைத் திட்டிய வாயோடு என் சட்டிகளுக்கு நானே பெயர் தெரியாமல் முழித்தேன். அடுத்த ஆண்டு தண்டு வந்து, நிறமும் மயிரும் தெரிந்த பிறகுதான் பிரிக்க முடிந்தது.

இப்போது சோடா டின்னைக் கத்தரித்து, இரும்பாணியால் அழுத்திக் கீறி, கம்பியில் கோத்துச் சாடியின் கழுத்தில் கட்டுகிறேன். எழுத்து இப்போது மையில் இல்லை, பள்ளத்தில். ஒரு துண்டு சாடிக்குள்ளும் புதைத்திருக்கிறேன், ஆட்டுக்காக.

புலி லில்லி இரண்டாம் வருடம் இளைத்துவிட்டது, இலையோடு சரி. வருடா வருடம் பிரிஜ்ஜில் வைக்க வீட்டில் அனுமதி இல்லை. 1ஆம் இலக்கத்தில் பருத்த மூன்றுக்கு மட்டும் மனைவி ஒரு ஐஸ்கிரீம் டப்பா அளவு இடம் ஒதுக்கித் தந்திருக்கிறார். மூடியில் ‘1, மீன் அல்ல’ என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார். டிசெம்பர் பதினைந்தில் எடுத்து நடவேண்டும்.